காலேஜ் டீம் லிக்விட் ராக்கெட்: இன்ஜினை 3டி பிரிண்ட் பண்றதா, லேத்துல கடையறதா?

மூணாம்வருச_மெக்:
இதுவரைக்கும் சாலிட் மோட்டார் (திட எரிபொருள்) வச்சு தான் ராக்கெட் பறக்க விட்டுருக்கோம், இந்த வருசம் லிக்விட்னு (திரவ எரிபொருள்) முடிவு பண்ணியாச்சு. லாக்ஸ் (திரவ ஆக்சிஜன்) + எத்தனால், 1 கிலோநியூட்டன் த்ரஸ்ட் (தள்ளு விசை), எரியுற சேம்பருக்குள்ள பிரஷர் 20 பார். காசு ரொம்ப டைட். இன்ஜினை மெட்டல்ல பிரிண்ட் பண்ணனும்னு பாதி டீம், லேத் போதும்னு மீதி டீம், தினமும் பஞ்சாயத்து. எது சீப்பா முடியும்?

வால்வு_பைத்தியம்:
லேத். முதல் ஸ்டாடிக் ஃபயர் (இன்ஜினை தரையில கட்டி வச்சு எரிக்கற டெஸ்ட்) ரெண்டு மூணு செகண்ட் தானே, கனமா ஒரு காப்பர் சேம்பர் கடைஞ்சா சூட்டை அதுவே வாங்கிக்கும். ஆனா பஞ்சாயத்து பண்ண வேண்டிய விஷயமே வேற தம்பி. வால்வு, ஃபிட்டிங், ரெகுலேட்டர், சென்சார், டெஸ்ட் ஸ்டாண்டுன்னு காசு ஓடுற ஓட்டத்துல இன்ஜின் செலவு கண்ணுக்கே தெரியாது. லாக்ஸ் மைனஸ் 183 டிகிரி, அதுல சாதா பால் வால்வு மாட்டினா சீல் சுருங்கி ஒழுகும், அதை விட மோசம் என்னன்னா வால்வை மூடும்போது பந்தோட ஓட்டைக்குள்ள கொஞ்சம் லாக்ஸ் மாட்டிக்கும், அது சூடாகி ஆவியாச்சுன்னா வெளிய போக வழி இல்லாம வால்வையே பொளந்துடும், அதுக்குன்னு பந்துல சின்னதா வென்ட் ஓட்டை போட்டது வரும், அதை தான் வாங்கணும். உள்ள கிரீஸ் எண்ணெய் எதுவும் ஒட்டியிருக்கவே கூடாது, லாக்ஸ் பட்டா பத்திக்கும்.

நைட்ரஸ்_கட்சி:
காசு இல்லன்னா லாக்ஸ் எதுக்கு? நைட்ரஸ் ஆக்சைடு + ஆல்கஹால் போங்க. நைட்ரஸ் 20 டிகிரில தானாவே 50 பார் பிரஷர் குடுக்கும், டேங்க்ல இருந்து தள்ள ஹீலியம் பாட்டிலும் வேணாம், அதோட பிரஷரை குறைக்க ரெகுலேட்டரும் வேணாம். ஹாஃப் கேட் ராக்கெட்ரினு ஒரு குரூப் மோஹாவி ஸ்ஃபிங்ஸ்னு ஒரு ராக்கெட்டோட டிசைனை ஓப்பனா போட்டுருக்காங்க, ஒரே குழாய்க்குள்ள ஒரு பிஸ்டன், ஒரு பக்கம் நைட்ரஸ் மறுபக்கம் ஃபியூயல், நைட்ரஸே பிஸ்டனை தள்ளி ஃபியூயலையும் அனுப்பிடும். பெர்ஃபார்மன்ஸ் லாக்ஸ் அளவுக்கு வராது, வராட்டி போகுது. 2019ல அமெரிக்கால யூஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) பசங்க 100 கிமீ தாண்டினதே சாலிட்ல தான், உயரம் வேணும்னா அதுலயே இருங்க, லிக்விட் கத்துக்கணும்னா இது.

சேஃப்டி_அண்ணா:
நைட்ரஸ்னா விளையாட்டுனு நினைச்சுடாதீங்க. வெயில்ல டேங்க் 36 டிகிரி தாண்டிச்சுன்னா லிக்விட்னு ஒண்ணே இருக்காது, பிரஷர் 70 பாருக்கு மேல போயிடும். 2007ல அமெரிக்கால மோஹாவில வெறும் நைட்ரஸ் ஃப்ளோ டெஸ்ட் (குழாய் வழியா ஓட விட்டு பாக்கறது), பத்த வைக்க கூட இல்ல, வெடிச்சு 3 பேர் செத்தாங்க. ஃபில் பண்றது, வென்ட் பண்றது எல்லாம் தூரத்துல இருந்து தான்.

மூணாம்வருச_மெக்:
சரி ப்ரோ, நைட்ரஸ் பக்கம் சாயுறோம். டேங்கை காத்து அடிச்சு டெஸ்ட் பண்ணலாமா? கம்ப்ரஸர் லேப்லயே இருக்கு.

வால்வு_பைத்தியம்:
ஐயோ வேணாம். தண்ணி ரொப்பி காத்தை சுத்தமா வெளிய எடுத்துட்டு, ஹேண்ட் பம்ப்ல வேலை செய்யுற பிரஷரை விட ஒன்றரை மடங்கு ஏத்துங்க. தண்ணில கிழிஞ்சா பீச்சிட்டு நின்னுடும், காத்துல கிழிஞ்சா துண்டு துண்டா பறக்கும். அதே தண்ணிய இன்ஜெக்டர் (சேம்பருக்குள்ள பீச்சுற ஓட்டை போட்ட தட்டு) வழியாவும் விட்டு பாருங்க, அதை தாண்டும்போது குறையுற பிரஷர், அதாவது பிரஷர் டிராப், சேம்பர் பிரஷர்ல 20 சதவீதமாவது இருக்கணும், உங்களுக்கு 4 பார். அதுக்கு கம்மின்னா எரியும்போது ஃப்ளோ முன்னும் பின்னும் ஆடும். ஓட்டை ஒவ்வொண்ணுலயும் தண்ணி நேரா வருதா, எதுவும் சாயுதானு வீடியோ எடுத்து இங்க போடுங்க, பாத்துட்டு சொல்றேன்.