55 இன்ச் டிவி: இப்போதே வாங்கலாமா, ஜனவரி 26 ஆஃபர் வரை பொறுக்கலாமா? அவசரம்

பிடிஎம்வாசி | 5 ஜனவரி 2026, இரவு 11.20

நண்பர்களே, ஒரு அவசர உதவி. 55 இன்ச் டிவி வாங்க வேண்டும். ஜிஎஸ்டி குறைந்துவிட்டது என்கிறார்கள். ஆனால் கடையில் ஒரு விலை, ஆன்லைனில் ஒரு விலை சொல்கிறார்கள். குடியரசு தின ஆஃபரில் இன்னும் இறங்கும் என்று ஆபீஸில் பேச்சு. எந்த டிவி நல்லது? எப்போது வாங்கினால் லாபம்? சீக்கிரம் சொல்லுங்கள், இந்த வாரமே முடிவெடுக்க வேண்டும்.

மீனா_கேஆர்புரம் | இரவு 11.41

பட்ஜெட் எவ்வளவு? சோபாவுக்கும் டிவிக்கும் எத்தனை அடி? டிடிஎச்சா, ஓடிடி மட்டுமா? இதெல்லாம் தெரியாமல் பெயர் சொல்ல முடியாதுங்க.

பேனல்பார்வை | இரவு 11.58

பட்ஜெட் இல்லை, அறை அளவு இல்லை, என்ன பார்ப்பீர்கள் என்பதும் இல்லை. இந்தக் கேள்விகளை இங்கே பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் தம்பி. கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

இருந்தாலும் சொல்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டியது பேனல் ஒன்றுதான், அதாவது படம் தெரியும் திரை. அதில் விஏ, ஐபிஎஸ் என்று முக்கியமாக இரண்டு வகை. விஏ பேனல் என்றால் கறுப்பு கறுப்பாகத் தெரியும், கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 3000-க்கு 1, அதற்கு மேலும் வரும். ஐபிஎஸ் என்றால் சுமார் 1000-க்கு 1. இரவில் விளக்கை அணைத்துப் படம் பார்த்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும். க்யூஎல்இடி என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அதுவும் பின்னால் விளக்கு எரியும் எல்சிடிதான், நடுவில் நிறத்துக்காக ஒரு குவாண்டம் டாட் படலம் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் லோக்கல் டிம்மிங் இல்லாத டிவியில், வெளிச்சமும் இருட்டும் தெளிவாகத் தெரியும் என்று சொல்லி எச்டிஆர் என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். எப்போது வாங்குவது என்பதெல்லாம் அப்புறம்.

சிலிக்கான்_சிவா | 6 ஜனவரி, காலை 7.15

எப்போது என்பதுதான் இந்த வருடம் முக்கியம். நான் சிப் துறையில் இருக்கிறேன். ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி தயாரிப்பையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். போன வருடக் கடைசியில் மெமரி சிப் விலை கடுமையாக ஏறியது. ஒவ்வொரு ஸ்மார்ட் டிவியிலும் அந்த சிப் இருக்கிறது. டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது, பேனலும் இறக்குமதிதான். இப்போது கடையில் கிடப்பது பழைய விலைக்கு வந்த சரக்கு. அது தீர்ந்ததும் விலை ஏறும். பொறுத்தால் மலிவாகும் என்ற கணக்கு இந்த வருடம் செல்லாது. இன்றே வாங்குங்கள்.

கடையனுபவம் | காலை 9.02

சிவா சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் இன்றே ஓட வேண்டாம். பெங்களூரு ஜெயநகரில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் பல வருடம் விற்பனையில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 32-ம் அதற்குக் கீழும் முன்பே 18-ல்தான் இருந்தன. விலை 10 சதவீதம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். 128 ரூபாய்க்கு விற்றது 118-க்கு வரும், அதாவது ஏறக்குறைய 7.8 சதவீதம். 50,000 ரூபாய் டிவி 46,100-க்கு வந்திருக்க வேண்டும். இது இப்போது எல்லா விலையிலும் சேர்ந்துதான் இருக்கிறது. "ஜிஎஸ்டி ஸ்பெஷல் ஆஃபர்" என்று இன்றைக்கு யாராவது தனியாகச் சொன்னால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

இரண்டாவது, தள்ளுபடி சதவீதத்தைப் பார்க்கவே கூடாது. அது எம்ஆர்பியிலிருந்து போடும் கணக்கு, அந்த எம்ஆர்பிக்கு யாரும் விற்பதில்லை. மாடல் எந்த வருடத்தது என்று கேளுங்கள். புது மாடல்கள் ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டப்படும், நம் ஊர்க் கடைக்கு வர ஏப்ரல், மே ஆகிவிடும். அதற்கு முன் போன வருட மாடலைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். 2025 மாடல் குறைந்த விலைக்குக் கிடைத்தால் அது லாபம். 2023 மாடலை அதே விலைக்குக் கொடுத்தால் அது லாபமே இல்லை. மாடல் எண்ணைப் போனில் தேடினால் எந்த வருடம் என்று தெரிந்துவிடும்.

பிடிஎம்வாசி | பகல் 1.30

நன்றி அண்ணா. பட்ஜெட் 45 ஆயிரம். ஹால் சின்னது. எல்லாம் பார்ப்போம்.

பேனல்பார்வை | பகல் 1.38

"எல்லாம்" என்பது பதில் இல்லை. சின்னது என்பது அளவு இல்லை.

ஒயிட்ஃபீல்டு_வெங்கி | பகல் 1.50

ஆன்லைனில் வாங்குங்கள் நண்பரே. ஜனவரி நடுவில் இரண்டு பெரிய தளங்களிலும் குடியரசு தின விற்பனை வழக்கமாக வரும். வங்கி கார்டுக்கு உடனடித் தள்ளுபடி தனியாகக் கிடைக்கும். கடையில் அந்த விலை வராது.

கடையனுபவம் | பகல் 2.10

கண்டிப்பாக வரும். போனில் விலையைக் காட்டிக் கேட்டால் மானேஜரிடம் பேசிக் குறைப்பார்கள், மாதக் கடைசியில் இன்னும் சுலபம். ஆனால் மாடல் எண் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். ஆன்லைனுக்கென்றே ஒரு எழுத்து மாற்றி வரும் மாடல்கள் உண்டு.

ஒயிட்ஃபீல்டு_வெங்கி | பகல் 2.25

கடையில் டெமோ மோடில் எல்லா டிவியும் பளிச்சென்றுதான் தெரியும். அந்த 4கே பூந்தோட்ட வீடியோவைப் பார்த்து எதைத் தேர்ந்தெடுப்பது?

கடையனுபவம் | பகல் 2.40

அதற்குத்தான் ரிமோட்டைக் கையில் வாங்கி ஸ்டாண்டர்ட் மோடுக்கு மாற்றச் சொல்ல வேண்டும். ஒரு பென்டிரைவில் இருட்டான காட்சி உள்ள வீடியோவைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்கள். அப்புறம், ஆன்லைனில் வந்த டிவியில் மூலையில் விரிசல் இருந்து, மாற்றித் தர மூன்று வாரம் இழுத்த கதை என் தங்கை வீட்டிலேயே நடந்தது. பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்ததால் பிழைத்தாள். பேனல் உடைந்து வாரண்டியும் இல்லாவிட்டால், புதுப் பேனல் விலை பல நேரம் டிவி விலையில் பாதிக்கு மேல் வரும்.

ஒயிட்ஃபீல்டு_வெங்கி | பகல் 2.52

கடையில் வாங்கினாலும் குடோனிலிருந்து அதே மாதிரி டெம்போவில்தான் வருகிறது. ஓப்பன் பாக்ஸ் டெலிவரி கேட்டு வாங்கினால் வாசலிலேயே பிரித்துப் பார்க்கலாம்.

மீனா_கேஆர்புரம் | மாலை 4.05

நீங்கள் இருவரும் சொல்வது சரிதான், கேட்டவரையும் கொஞ்சம் பார்ப்போம். பிடிஎம்வாசி, எத்தனை அடி தூரம்? சுவரில் மாட்டுவீர்களா, மேசை மேலா?

பிடிஎம்வாசி | இரவு 10.15

8 அடி. வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட ஓனர் விடமாட்டார். டிவி ஸ்டாண்ட் 3 அடி அகலம். அப்பா அம்மா பொங்கலுக்கு வருகிறார்கள், அதற்குள் வேண்டும். அப்பாவுக்கு கிரிக்கெட், அம்மாவுக்கு சீரியல். பழைய டிவியில் இருக்கும் செட்டாப் பாக்ஸே போதும்.

மீனா_கேஆர்புரம் | இரவு 10.48

இப்போதுதான் விஷயம் வந்தது!

8 அடி என்றால் 55 தாராளமாகச் சரி. ஆனால் ஸ்டாண்ட் சரிவராது. 55 இன்ச் டிவியின் அகலம் ஏறக்குறைய 122 செ.மீ., அதாவது 4 அடி. பெரும்பாலான மாடல்களில் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும், கால்களுக்கு நடுவே மட்டும் ஒரு மீட்டர் அளவுக்கு வரும். உங்கள் ஸ்டாண்டோ 91 செ.மீ. டிவி நிற்காது. நடுவில் ஒற்றைப் பீடம் உள்ள மாடலைப் பாருங்கள். அல்லது பின்பக்கத் திருகுகளில் மாட்டும் யுனிவர்சல் டேபிள் ஸ்டாண்ட் தனியாகக் கிடைக்கிறது, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த நம்ம எஸ்பி ரோட்டிலேயே வாங்கலாம். இல்லையென்றால் நீள மேசை. டிவி வந்து இறங்கிய பிறகு இதைக் கவனித்தால் அப்பா வரும் நேரத்தில் டிவி தரையில்தான் நிற்கும்.

அடுத்தது அந்த செட்டாப் பாக்ஸ். மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் இணைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அது எஸ்டி பாக்ஸ். எஸ்டி படத்தில் 576 வரி, 4கே திரையில் 2160 வரி. இருக்கும் படத்தை இழுத்து நிரப்பினால் அம்மாவின் சீரியலில் முகமெல்லாம் மெழுகு பூசினாற்போல் இருக்கும். டிவி மோசம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எச்டிஎம்ஐ உள்ள எச்டி பாக்ஸாக மாற்றி, அவர்கள் பார்க்கும் நான்கைந்து சேனலை மட்டும் எச்டியில் எடுங்கள். 45 ஆயிரம் டிவியில் இதைவிடப் பெரிய மாற்றம் தரும் செலவு வேறு இல்லை.

பேனல்பார்வை | இரவு 11.05

செட்டாப் பாக்ஸ் பற்றி மீனா சொன்னது சரி. ஆனால் பேனலை விட்டுவிடாதீர்கள். மூன்று பேர் சோபாவில் நேராக உட்கார்ந்து பார்த்தால் விஏ. அம்மா பக்கவாட்டில் சமையலறை வாசலில் நின்று பார்ப்பார் என்றால் ஐபிஎஸ், ஓரத்திலிருந்தும் நிறம் வெளிறாது. எதிரில் பெரிய ஜன்னல் இருக்கிறதா?

அல்சூர்_வாசன் | 7 ஜனவரி, காலை 8.20

ஓனர் ஓட்டை போட விடவில்லை என்பதைப் படித்ததும் வயிறு எரிகிறது. எங்கள் பழைய வீட்டில் நாலு ஆணிக்காக ஒரு மாத வாடகையை "பெயின்டிங்" என்று அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள். அக்ரிமென்ட்டில் எழுதி வாங்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

சிலிக்கான்_சிவா | காலை 8.45

ஓட்டை போடாவிட்டாலும் பெயின்டிங் பிடிப்பார்கள். எழுதி வாங்கினாலும் பிடிப்பார்கள்.

அல்சூர்_வாசன் | காலை 8.51

எழுதியிருந்தால் கேட்கலாம். வாயால் சொன்னதை எங்கே போய்க் கேட்பது?

கடையனுபவம் | காலை 9.30

வாடகைக்குத் தனி இழை போடுங்கள், அது நிறைய பேருக்கு உதவும். இங்கே தம்பிக்குப் பொங்கல் 15-ம் தேதி.

குடியரசு தின விற்பனைக்குக் காத்திருந்தால் பொங்கல் போய்விடும். அப்பா அம்மா வரும்போது வீட்டில் டிவி இருப்பதற்காக ஓராயிரம், இரண்டாயிரம் கூடக் கொடுப்பதில் தவறே இல்லை. நம் பெங்களூரு கடைகளில் சங்கராந்திக்கு ஆஃபர் போடுவார்கள், பழைய டிவிக்கு எக்ஸ்சேஞ்சும் கேளுங்கள். அவர்கள் வருகை தள்ளிப்போனால் மட்டும் 26 வரை பொறுங்கள். அதைத் தாண்டிக் காத்திருக்க வேண்டாம், பிப்ரவரி 7-ல் டி20 உலகக் கோப்பை தொடங்குகிறது, அந்த நேரத்தில் கூட்டமும் டிமாண்டும் ஏறிவிடும்.

நோ காஸ்ட் இஎம்ஐ எடுத்தால் கவனம். வட்டியைத் தள்ளுபடியாகக் கழிப்பார்கள், ஆனால் அந்த வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் கார்டில் வரும். முழுப் பணம் கையில் இருந்தால் ரொக்க விலையைத் தனியாகக் கேளுங்கள்.

ஒயிட்ஃபீல்டு_வெங்கி | காலை 10.04

அப்பாவின் கிரிக்கெட்டுக்கு ஒன்று: "மோஷன் ரேட் 120" என்று போட்டிருந்தால் அது 120 ஹெர்ட்ஸ் பேனல் (நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிப்பது) என்று அர்த்தமில்லை, பல மாடல்களில் உள்ளே 60 தான். டிடிஎச் கிரிக்கெட்டுக்கு 60 போதும். அதற்காக எட்டாயிரம், பத்தாயிரம் கூடக் கொடுக்காதீர்கள்.

பேனல்பார்வை | காலை 10.20

சினிமா பார்ப்பவருக்கு 120 தேவை. நொடிக்கு 24 பிரேம் ஓடும் படம் 120-ல் சமமாக ஐந்து ஐந்தாகப் பிரியும், 60-ல் இரண்டரை என்று வந்து கேமரா நகரும்போது தடுமாறும்.

ஒயிட்ஃபீல்டு_வெங்கி | காலை 10.26

சீரியல் பார்க்கும் அம்மாவுக்கு அது எதற்கு? 45 ஆயிரத்தில் 120-ஐத் தேடினால் வேறு எதிலாவது கை வைத்திருப்பார்கள், ஒலியிலோ வெளிச்சத்திலோ. அவர் பட்ஜெட்டுக்குள் சொல்லுங்கள் சார்.

பேனல்பார்வை | காலை 10.40

பட்ஜெட்டுக்குள் என்றால் 60 ஹெர்ட்ஸ் விஏ. இதை முதல் நாளே பட்ஜெட்டோடு கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

பிடிஎம்வாசி | 11 ஜனவரி, இரவு 9.50

வாங்கியாச்சு. ஜெயநகர் கடை, 55 இன்ச், நடுப் பீடம், 42,500. எச்டி பாக்ஸ் நாளை வருகிறது. எல்லோருக்கும் நன்றி.

பேனல்பார்வை | இரவு 9.55

எந்த மாடல்? விஏவா?

மீனா_கேஆர்புரம் | இரவு 10.12

சந்தோஷம்! பில்லில் சீரியல் நம்பர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், அதை வைத்துக் கம்பெனி தளத்தில் வாரண்டி பதிவு செய்துவிடுங்கள். அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் ஓனர் மாடியில் போடச் சொன்னாலும் கொஞ்ச நாள் உள்ளேயே வையுங்கள், திருப்பி எடுக்க வந்தால் பெட்டி கேட்பார்கள். அம்மா பார்க்கும்போது விவிட் மோடை எடுத்துவிட்டு ஸ்டாண்டர்டில் வையுங்கள், கண் கூசாது.