நியூட்ரல் விழ மறுக்கிறது, கியர் ரொம்ப டைட். நாளைக்குள் சரியாக வேண்டும், உதவுங்கள்

மஞ்சக்குப்பம்காரன் | காலை 7:12
வணக்கம். என் பைக்கில் கியர் ரொம்ப டைட்டாக இருக்கிறது. முதல் கியர் போட்டால் டொக் என்று சத்தம், வண்டி ஒரு எட்டு முன்னால் குதிக்கிறது. மரப்பாலம் சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது. பச்சை விழும்வரை கிளட்சைப் பிடித்தே நிற்கிறேன், இடது கை மரத்துப் போகிறது. போன மாதம்தான் ஆயில் மாற்றினேன். என்ன செய்யலாம்? நாளைக்கும் இதே வண்டியில்தான் புதுச்சேரிக்கு வேலைக்குப் போக வேண்டும்.

ஈசிஆர் ஓட்டி | 7:31
எந்த வண்டி, எத்தனை சிசி? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? என்ன ஆயில் ஊற்றினீர்கள்? இதையெல்லாம் சொல்லாமல் எப்படிச் சொல்ல முடியும் நண்பரே?

முத்தியால்பேட்டை | 7:40
ஆயில்தான், சந்தேகமே வேண்டாம். ஆயில் மாற்றிய பிறகுதானே வந்திருக்கிறது? கடையில் கார் ஆயிலை ஊற்றியிருப்பார்கள். டப்பாவில் ஜாசோ எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான தரக் குறியீடு) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். என் வண்டிக்கு ஆயில் பிராண்டை மாற்றினேன், கியர் வெண்ணெய் மாதிரி விழுகிறது.

நெல்லித்தோப்பு பட்டறை | 8:05
கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் பிளேட் (இன்ஜின் சுழற்சியைக் கியருக்குக் கடத்தும் தகடு) வழுக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. இவருக்கு நடப்பது நேர் எதிர்: கிளட்ச் பிடித்தும் பிளேட் விடவில்லை. இரண்டும் வேறு வேறு என்பதைத் தெரிந்துகொண்டு பதில் எழுதுங்கள்.

தம்பி, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். டைட் என்று மட்டும் சொன்னால் பத்து காரணம் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது டைட்டா, அணைத்திருக்கும்போதும் டைட்டா? முதலில் பார்க்க வேண்டியதே அதுதான். சென்டர் ஸ்டாண்டு போடுங்கள், இன்ஜினை அணையுங்கள். பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் லேசாக அசைத்தபடியே ஒன்றிலிருந்து ஐந்து வரை போட்டு இறக்குங்கள். சுலபமாக விழுந்தால் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, கோளாறு கிளட்ச் பக்கம். அப்போதும் டைட் என்றால்தான் கியர் லிவர், அதன் மூட்டு, உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் என்று போக வேண்டும். இருபது வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சக்குப்பம்காரன் | 8:20
150 சிசி, 5 கியர், 2018 மாடல். 46,000 ஓடியிருக்கிறது. ஆயில் 20டபிள்யூ-40, பைக் ஆயில்தான், டப்பா வீட்டில் இருக்கிறது. அணைத்துவிட்டுப் போட்டால் நன்றாக விழுகிறது. ஆபீசுக்குக் கிளம்புகிறேன்.

தவளக்குப்பம் அக்கா | 8:44
பாதி விடை கிடைத்துவிட்டது. கிளட்ச் லிவரின் நுனியில் எவ்வளவு பிளே, அதாவது இழுபடாமல் சும்மா ஆடும் தொய்வு, இருக்கிறது, அளந்தீர்களா? பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் என்று சொல்வார்கள். அதற்கு மேல் தொங்கினால், லிவரை முழுசாகப் பிடித்தாலும் உள்ளே பிளேட் முழுசாக விலகாது. இன்ஜினின் சுழற்சி கொஞ்சம் கியருக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த இறுக்கத்தில்தான் நியூட்ரல் விழாது.

இன்றைக்குச் சமாளிக்க ஒரு வழி. சிக்னலில் முழுசாக நின்ற பிறகு நியூட்ரலைத் தேடாதீர்கள். பத்தடி முன்பே, சக்கரம் உருளும்போதே, இரண்டாவது கியரிலிருந்து பாதத்தால் மெதுவாகத் தட்டுங்கள். அரியாங்குப்பத்திலிருந்து மரப்பாலம் வரை நான் ஒரு மாதம் இப்படித்தான் ஓட்டினேன்.

ஈசிஆர் ஓட்டி | 9:02
கிளட்சே பிடிக்காமல் மேல் கியர் போடலாமே. ஆக்சிலேட்டரை ஒரு நொடி விட்டுவிட்டு கியர் லிவரைத் தூக்கினால் அதுவாக ஏறும். நான் கிருமாம்பாக்கம் நேர்ச்சாலையில் தினமும் அப்படித்தான் போகிறேன்.

முத்தியால்பேட்டை | 9:10
கியரில் பூட்டும் பற்கள் இருக்கின்றன, முனை மழுங்கிப்போகும். அப்புறம் மூன்றாவது கியர் தானாகக் கழன்று வரும், அன்றைக்குத் தெரியும்.

ஈசிஆர் ஓட்டி | 9:14
ஆறு வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. பந்தய வண்டிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏற்றுகிறார்கள்.

முத்தியால்பேட்டை | 9:21
பந்தய வண்டியில் இன்ஜினை எத்தனை முறை பிரித்துப் பூட்டுகிறார்கள் என்றும் சொல்லுங்கள். மாதச் சம்பளக்காரன் கியர்பாக்ஸ் பிரிக்க முடியுமா?

நெல்லித்தோப்பு பட்டறை | 9:30
மேலே ஏற்றும்போது சரியான வேகத்தில் செய்தால் பெரிய சேதம் இல்லை. இறக்கும்போது செய்யாதீர்கள். இந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள், அந்தத் தம்பி இன்னும் பிளே அளவு சொல்லவில்லை.

மஞ்சக்குப்பம்காரன் | மதியம் 1:15
ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 30 மில்லிமீட்டருக்கு மேல் தொங்குகிறது. லிவர் பக்கத்து அட்ஜஸ்டரைத் திருகப் பார்த்தேன், மரை முழுக்க வெளியே வந்து நிற்கிறது, இன்னும் இழுக்க இடமில்லை. கீழே இன்ஜின் பக்கத்து நட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது. 2024 டிசம்பரில் வண்டி உப்பலவாடியில் மாமா வீட்டில் 2 நாள் தண்ணீரில் நின்றது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைத்து முதலில் சொல்லவில்லை.

தவளக்குப்பம் அக்கா | 1:28
ஐயோ, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்! ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வந்த தென்பெண்ணை வெள்ளம்தானே? அந்தத் தண்ணீர் கிளட்ச் கேபிள் உறைக்குள் போயிருக்கும். எங்கள் பக்கம் உப்புக்காற்று வேறு. நான் என் கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டேன். மேல் முனையில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதன் மூலையில் சின்ன ஓட்டை போட்டு ஆயில் ஊற்றினேன். கால் மணி நேரம் ஒன்றுமே வரவில்லை. அப்புறம் கீழே டீ டிகாஷன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியது. உள்ளே கம்பி இழை மூன்று அறுந்து முள் மாதிரி நின்றது. உங்களுக்கு ஆயில் விட்டுப் பிரயோசனமில்லை, கேபிளையே மாற்றுங்கள்.

நெல்லித்தோப்பு பட்டறை | 1:50
கேபிள் சரிதான். ஆனால் அதோடு நிற்காதீர்கள். கேபிள் இழுக்கும் நெம்புகை இன்ஜினுக்குள் நுழையும் இடத்தில் துரு இருந்தால் அதைச் சுத்தம் செய்து கிரீஸ் வையுங்கள். வெள்ளத்துக்குப் பிறகு ஆயில் பால் கலந்த மாதிரி (தண்ணீர் சேர்ந்ததற்கு அடையாளம்) இருந்ததா என்று ஆயில் மாற்றியவரைக் கேளுங்கள். இருந்திருந்தால் கிளட்சின் எஃகுத் தகடுகளிலும் துரு இருக்கலாம், மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். புது பிளேட் போட்டால் ஆயிலில் ஊறவைத்துத்தான் பூட்டச் சொல்லுங்கள். காய்ந்த பிளேட்டை அப்படியே பூட்டினால் இதே ஒட்டல் திரும்ப வரும்.

ஈசிஆர் ஓட்டி | 2:05
செயினையும் பாருங்கள். தொய்ந்த செயின் இழுத்து அடிக்கும்போதும் கியர் மாற்றம் முரடாக இருக்கும்.

மஞ்சக்குப்பம்காரன் | மறுநாள் இரவு 9:47
கேபிள் மாற்றியாச்சு. பழையதன் கீழ்முனையில் பாதி இழை அறுந்திருந்தது. இன்றைக்கு மரப்பாலத்தில் நின்றபடியே நியூட்ரல் விழுந்தது. அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

நெல்லித்தோப்பு பட்டறை | இரவு 10:02
நல்லது. ஆயில் எந்த நிறத்தில் வந்தது என்று கேட்டீர்களா?

நெல்லித்தோப்பு பட்டறை | 4 நாள் கழித்து
தம்பி, ஆயில் நிறம்?