பட்டத்துக்கு ஒரு குறிப்பு வேண்டும்

செங்கோட்டையில் ஞாயிறன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி வைக்கிறேன். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். இடமிருந்து வலம் 7, நான்கு எழுத்து, விடை ‘பட்டம்’. மூன்று நாளாக இதற்குத்தான் குறிப்பு அமையவில்லை.

‘பாகை’ சுலபமாக வந்துவிட்டது: தலையில் சுற்றினால் துணி, வட்டத்தில் 360.

பட்டத்துக்கு ‘கல்லூரி தருவது’ என்று போட்டேன். ஆரியங்காவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். அங்கே அது ‘பிருதம்’. பட்டம் என்றால் நூலில் பறப்பதுதான். சரி என்று ‘ஆடியில் தேடி விதைப்பது’ என மாற்றினேன். பக்கத்து வீட்டுப் பையன் ‘நெல்’ என்று எழுதிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு கட்டங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விடையை மாற்றவும் வழியில்லை. கடைசி ‘ம்’ குற்றாலத்தோடு சேர்கிறது.

பறப்பதையும் படித்து வாங்குவதையும் ஒரே வரியில், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் புரியும்படி எப்படிக் கேட்கலாம்?