எலெக்‌ஷன் டைம்ல அமெரிக்க காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினர் லெட்டர் ஏன் நின்னுச்சு?

ஜெர்சிக்காரன்: எங்க ஏரியா ஹவுஸ் (காங்கிரஸோட பிரதிநிதிகள் சபை) மெம்பர் மாசாமாசம் கலர் கலரா நியூஸ்லெட்டர் அனுப்புவாரு, ஸ்டாம்ப் இருக்காது, ஓரத்துல அவர் கையெழுத்து மட்டும் இருக்கும். இப்ப ரெண்டு மாசமா ஒண்ணுமே வரல. எலெக்‌ஷன் வருதுங்கிறதாலயா?

பழைய_தபால்: ஆமா. அந்தக் கையெழுத்துதான் ஸ்டாம்ப், ஃப்ராங்க்னு சொல்வாங்க, 1775லயே ஆரம்பிச்ச சலுகை. ஃப்ரீன்னு நெனைக்காதீங்க, தபால் துறைக்கு நம்ம வரிப்பணம்தான் போகுது. அவர் பேர் ஓட்டுச் சீட்டுல இருந்தா, பிரைமரியோ (கட்சி வேட்பாளரத் தேர்ந்தெடுக்கிற தேர்தல்) ஜெனரலோ (பொதுத் தேர்தல்), தேர்தலுக்கு முந்தின 60 நாள் மாஸ் மெயில் அனுப்பக் கூடாது. மாஸ் மெயில்னா கிட்டத்தட்ட ஒரே விஷயத்த ஒரு காங்கிரஸ் கூட்டத்தொடர்ல 500க்கு மேல அனுப்புறது.

ஜெர்சிக்காரன்: அப்ப நான் சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியத் திட்டம்) பத்தி எழுதின லெட்டருக்குப் பதில் வராதா??

பழைய_தபால்: வரும் வரும், நீங்களா எழுதிக் கேட்டதுக்குப் பதில் போடுறதுக்குத் தடை இல்ல. பத்திரிகைக்கு அனுப்புற நியூஸ் ரிலீஸும் இதுல சேராது.

சும்மா_பாக்க_வந்தேன்: என்னைக் கேட்டா இது அரைகுறை ரூல்தான், ஏன்னா ஓட்டு கேட்டு எழுத எப்பவுமே அனுமதி கிடையாது சரி, ஆனா "நான் உங்க ஊருக்கு இத்தன கோடி வாங்கிக் குடுத்தேன்"னு 61வது நாள் வரைக்கும் போட்டோவோட அனுப்பலாமே, எதிர்த்து நிக்கிறவன் சொந்தக் காசுல ஸ்டாம்ப் ஒட்டணும்

ஜெர்சிக்காரன்: அட, எனக்குக் கடைசியா வந்த லெட்டர் தேதியப் பாத்தேன், கரெக்டா 63வது நாள் 😄