சூன்யதா: ‘சூனியம்’ வேண்டாமே

> புழக்கத்தில் உள்ள ‘சூனியம்’ என்பதையே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா. ‘சூன்யதா’ என்ற பௌத்தக் கருத்துக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதானே பேச்சு. அந்தப் புழக்கம்தான் இங்கே தொல்லை. சூனியம் என்றால் பலருக்கு வைப்பதும் எடுப்பதும்தான் நினைவுக்கு வரும். சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குச் சிவஞான சித்தியாரின் பரபக்கம் நினைவுக்கு வரும். சூன்யதாவைச் சொல்லும் பௌத்தரான மாத்தியமிகர் உள்ளிட்ட பல பிற சமயத்தாரை மறுக்கும் பகுதி அது. மறுப்பவர் வாயிலிருந்து வந்த சொல்லை மாத்தியமிகர் கொள்கைக்கே பெயராக வைப்பது நியாயமாகப் படவில்லை.

மாத்தியமிகரின் மூல நூலான மூலமத்தியமக காரிகையின் 24ஆம் இயலில், சார்ந்து தோன்றுவதைத்தான் சூன்யதா என்கிறோம் என்று அதை எழுதிய நாகார்ச்சுனரே சொல்லிவிடுகிறார். விதை, மண், நீர் கூடினால் முளை வருகிறது. இவற்றை விட்டுத் தன்னந்தனியாக நிற்கும் முளைத்தன்மை எதுவும் கிடையாது. அதற்காக முளையே இல்லை என்றாகிவிடாது. ஆகவே முந்தைய மடலில் மாற்றாக வந்த ‘இன்மை’ என்ற சொல்லும் ஆகாது. உண்டு, இல்லை என்ற இரண்டு முனையையும் மறுத்த நாகார்ச்சுனரை ஒரு முனையில் கட்டிப்போட்டதாகிவிடும். (குறள் படித்தவருக்கு இன்மை வறுமை வேறு!)

‘தன்னியல்பின்மை’ துல்லியமான சொல்தான். ஆனால் சூன்யதாவும் சூன்யமே என்று நாகார்ச்சுனருக்கு உரை எழுதிய சந்திரகீர்த்தி ஒரு படி மேலே போகிறார். ‘தன்னியல்பின்மையின் தன்னியல்பின்மை’ என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘தன்னியல்பு இல்லாதது’ என்று பொருள்படும் நிஸ்வபாவத்துக்கு அதை ஒதுக்கிவிடலாம்.

என் ஓட்டு ‘வெறுமை’க்கு. ‘உருவே வெறுமை, வெறுமையே உரு’ என்று பௌத்த நூலான இதய சூத்திரத்தின் வரி இடறாமல் வருகிறது. மனச்சோர்வின் வாடை கொஞ்சம் உண்டுதான். முதலில் வரும் இடத்தில் ‘தன்னியல்பு அற்ற வெறுமை’ என்று எழுதிவிட்டால் அப்புறம் வாசகர் பழகிக்கொள்வார். பெயரடைக்கு ‘வெறுமையான’ போதும். ‘வெறிய’ என்று ஆக்கினால் வெறி வந்து புகுந்துகொள்ளும்.

சார்ந்து தோன்றுவதைக் குறிக்கும் பிரதீத்யசமுத்பாதத்துக்கு நாம் எதையும் புதிதாக ஆக்க வேண்டாம். மணிமேகலை 30ஆம் காதையில் ‘சார்பின் தோன்றி’ என்று இருக்கிறது; அதிலிருந்து ‘சார்பின் தோற்றம்’ என்று எடுத்துக்கொள்ளலாம். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு என்று பன்னிரு நிதானங்களின் (ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் கண்ணிகளின்) வரிசையும் அங்கே கிடைக்கிறது. மேலே சொன்ன ‘உரு’வும் அந்த அருவுருவிலிருந்து எடுத்ததுதான்.

மிச்சம் இருப்பது மாயா. சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், உலகுக்கு முதற்காரணம். காரிகை 7ஆம் இயலின் கடைசியில் கனவு, கந்தர்வ நகரம் (வானில் தோன்றும் பொய் நகரம்) ஆகியவற்றோடு சேர்ந்து வரும் மாயாவோ வித்தைக்காரன் காட்டுவது. அதற்கு ‘கண்கட்டு’ என்று வைக்கலாமா? கொச்சையாகப் பட்டால் மாற்றுச் சொல் தாருங்கள்.