புதுப்பிப்பு: ரோத்தா, லான்சரோட்டியா?

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் முழுத்தொலைவு ட்ரையத்லானுக்கு இவ்விரண்டு இடங்களில் எது ஏற்றது என்றும், பின்சக்கரமாக டிஸ்க் (கம்பிகளின்றி முழுத்தட்டாக மூடிய சக்கரம்) பொருத்தலாமா என்றும் இதே இழையில் கேட்டிருந்தேன். ஜெர்மனியின் ரோத்தையே தேர்ந்துவிட்டேன். ஸ்பெயினின் லான்சரோட்டித் தீவில் 180 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதையில் சுமார் 2,500 மீட்டர் ஏற்றமும் ஓயாத அட்லாண்டிக் காற்றும் இருப்பதால், சமதளச் சாலைகளில் மட்டுமே பயிற்சி செய்யும் எனக்கு அது பொருந்தாது.

ரோத்தில் 3.8 கிலோமீட்டர் நீச்சல் மைன்–டான்யூப் கால்வாயில் நடப்பதால் அலைத்தொல்லை இல்லை; எனினும் தண்ணீர் வெதுவெதுப்பானால் வெட்சூட்டுக்கு (உடலோடு ஒட்டிய ரப்பர் நீச்சலுடை) தடை வரக்கூடும் என்பதால், அது இன்றியும் பழகி வருகிறேன். பக்கக்காற்று கைப்பிடியை அசைப்பது பெரும்பாலும் முன்சக்கரத்தின் வழியாகவே என்பதால், பின்னால் டிஸ்க்கும் முன்னால் 50 மில்லிமீட்டர் ஆழ விளிம்புள்ள சக்கரமும் பொருத்துகிறேன். ரோத் மிதிவண்டிப் பாதையிலுள்ள க்ரேடிங் ஏற்றத்துக்காக, மிகப்பெரிய பல்சக்கரத்தில் 30 பற்கள் கொண்ட கேசட்டையும் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) வாங்கியாயிற்று. அதை வீண்செலவு என்போரை முதலில் அங்கே மிதிக்கச் சொல்வேன்.