கார் இரவில் எங்கே நிற்கும்? அதை முதலில் சொல்லுங்கள்

கோத்தகிரியில் ஒரு மாத விடுப்பில் இருக்கிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் குடியேறி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஊருக்கு வந்த நாள் முதல், புதிதாக இங்கிலாந்து போன நம் மலைப் பிள்ளைகள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "அண்ணா, மின்சார கார் வாங்கலாமா? எது வேகமாகச் சார்ஜ் ஏறும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கேள்விகள் வர வர கீழே சேர்த்துக்கொண்டே போகிறேன்.

வேகத்தைப் பிறகு பார்க்கலாம். இரவில் உங்கள் கார் எங்கே நிற்கும்? வீட்டுச் சுவரை ஒட்டிய சொந்த இடத்திலா, தெருவிலா? இதற்குப் பதில் தெரியாமல் விளம்பரத்தில் போட்டிருக்கும் நிமிடக் கணக்கைப் பார்த்துக் கார் வாங்கியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவருமே இப்போது வாரக் கடைசியில் மழையில் நின்று சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கு இதுதான். இங்கிலாந்தில் சொல்லும் கிலோவாட் மணி என்பது நம் மின்கட்டண அட்டையில் இருக்கும் அதே யூனிட். (முதல் 100 யூனிட் இலவசம் என்ற பேச்செல்லாம் அங்கே கிடையாது. ஒரு விளக்குக்கூடப் போடாவிட்டாலும் நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று நிலைக்கட்டணம் ஓடிக்கொண்டேயிருக்கும்.) நடுத்தரக் கார் ஒரு யூனிட்டில் மூன்றரை மைல் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மைலுக்குச் சுமார் 29 யூனிட். மின்சார காருக்கென்றே தரும் இரவுக் கட்டணத்தில் யூனிட் 8 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு) என்றால் அந்த 100 மைலுக்கு 2.30 பவுண்டு. வீட்டின் சாதாரணக் கட்டணம் 26 பென்ஸ் என்றால் ஏழரைப் பவுண்டு. நெடுஞ்சாலை ஓரத்து அதிவேகச் சார்ஜரில் 75 பென்ஸ் கொடுத்தால் 21 பவுண்டைத் தாண்டும். பெட்ரோல் லிட்டர் 1.35 பவுண்டு என்றால், கேலனுக்கு (அங்கே சுமார் நாலரை லிட்டர்) 40 மைல் தரும் சிறிய கார் அதே தூரத்தைச் சுமார் 15 பவுண்டில் ஓடிவிடும்.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒரே கார், ஒரே சாலை. செலவு மட்டும் 2.30-லிருந்து 21 வரை போகிறது. மெதுவாகச் சார்ஜ் போடுகிறவன் பெட்ரோல்காரனைப் பார்த்துச் சிரிக்கலாம். வேகமாகப் போடுகிறவனைப் பார்த்துப் பெட்ரோல்காரன் சிரிப்பான். போதாக்குறைக்கு வரி வேறு: வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீதம், பொதுச் சார்ஜரில் 20 சதவீதம் என்பதுதான் நெடுநாள் நடைமுறை. சொந்த இடம் இல்லாதவர்தான் கூடுதல் வரியும் கட்ட வேண்டும். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இரவில் மட்டும் ஏன் மலிவு என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குந்தாவில் கட்டிவரும் நீரேற்று மின்நிலையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேவை குறைந்த நேரத்தில் எமரால்டு-அவலாஞ்சித் தண்ணீரை மேலே போர்த்திமந்துக்கு ஏற்றி வைத்து, தேவை கூடும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பது. வேல்ஸில் டினோர்விக் மலைக்குள் 1984 முதல் இதே வேலை நடக்கிறது. ஊர் தூங்கும் நேரத்தில் தேவை குறைவு, ஆனால் கடலோரக் காற்றாலைகள் அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்துக் கரண்டை யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்று மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். அதைப் பெற, எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்று தானே கணக்கு அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். வாடகை வீட்டில் அது இல்லையென்றால் மின்சாரம் தரும் நிறுவனத்திடம் கேளுங்கள், பொருத்தித் தருவார்கள்.

இப்போது வேகம். கிலோவாட் என்றால் ஒரு மணி நேரத்தில் இத்தனை யூனிட் ஏறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மூன்று முனைச் சாக்கெட்டில் சுமார் 2.3 கிலோவாட். பத்து மணி நேரத்தில், இழப்பு போக இருபது யூனிட் ஏறும், அதாவது எழுபது மைல். வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர இருபது மைல் என்றால் இதுவே தாராளம். சுவரில் மாட்டும் சார்ஜர் 7 கிலோவாட். மலிவுக் கட்டணம் ஐந்து மணி நேரம்தான் என்றாலும் அதற்குள் 35 யூனிட் வரை ஏறிவிடும். கடை வாசல்களில் 22 என்று எழுதியிருக்கும் கம்பத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பல கார்கள் அதிலும் 7 அல்லது 11 கிலோவாட்தான் வாங்கும். அதற்கு மேல் 50, 150, 350 என்று போகிறது. அந்த எண் சார்ஜரின் திறன், உங்கள் காரின் திறன் அல்ல. 40 யூனிட் பேட்டரி உள்ள நிசான் லீஃப் எங்கே செருகினாலும் 50 கிலோவாட்டைத் தாண்டாது. அதன் செருகியும் வேறு வகை, சாடெமோ. இப்போது மற்ற ஏறக்குறைய எல்லாக் கார்களுக்கும் சிசிஎஸ் என்ற வகைதான். பழைய லீஃப் மலிவாகக் கிடைக்கும். வீட்டுச் சார்ஜருக்கு நல்ல கார்தான், நீண்ட பயணத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பத்திலிருந்து எண்பது சதவீதம் வரைதான் வேகம். பச்சைத் தேயிலையைச் சாக்கில் அடைத்த கை உங்களில் எத்தனை பேருக்கு உண்டோ தெரியாது. முதல் பாதி அள்ளிப் போடப் போட இறங்கிவிடும். கடைசியில் முழங்காலால் மிதித்து மிதித்துத்தான் திணிக்க வேண்டும். பேட்டரியும் அப்படித்தான். எண்பதுக்கு மேல் காத்திருந்தால் உங்கள் நேரமும் போகும், பின்னால் நிற்பவரின் பொறுமையும் போகும். சில இடங்களில் நேரம் கடந்து நின்றால் தனிக் கட்டணமும் விழும். 2024 நவம்பர் முதல் 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொதுச் சார்ஜர்களில் வங்கி அட்டையைத் தொட்டே பணம் கட்டலாம். அதற்கு முன்பு கைபேசியில் பதினோரு செயலிகள் வைத்திருந்தவன் நான்.

ஒரு எச்சரிக்கை. முதல் குளிர்காலத்தில், சுருட்டிய நீட்டிப்பு வயரை விரிக்காமல் அப்படியே போட்டு இரவு முழுதும் சார்ஜ் ஏற்றினேன். விடியற்காலையில் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. பிளக் இளகிப் போயிருந்தது. வீடு தப்பியது அம்மன் புண்ணியம். நம் ஊரில் வெந்நீர் ஹீட்டருக்குப் போடும் தடித்த சாக்கெட் அங்கே கிடையாது. எல்லாவற்றுக்கும் அதே 13 ஆம்பியர் பிளக்தான். நேராகச் சுவரில் செருகுங்கள். அதற்கு முன் எலெக்ட்ரீசியனிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

"ஒரு சார்ஜில் எத்தனை மைல்?" என்ற கேள்விக்கு வருகிறேன். போன வாரம் கோவை விமான நிலையத்திலிருந்து என்னை அழைத்துவர அத்தான் தன் மின்சார காரை எடுத்து வந்தார். மேட்டுப்பாளையத்தில் 62 சதவீதம் இருந்தது. கோத்தகிரி சந்தைக்கடை வரும்போது 27. முப்பத்து மூன்று கிலோமீட்டருக்கு இவ்வளவா என்று எனக்கே பகீரென்றது. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,450 மீட்டர். ஆளும் பெட்டியுமாக 1,700 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் ஆறரை யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஓட்டத்துக்கு ஆனது தனி. அவருடைய பேட்டரி முப்பது யூனிட். கணக்கு சரியாக இருந்தது.

நான்கு நாள் கழித்து ஒரு திருமணத்துக்காக இறங்கினோம். மேலே 70, கீழே மேட்டுப்பாளையத்தில் 71. அத்தான் ஏதோ அவரே மின்சாரம் கண்டுபிடித்ததுபோல் என்னைப் பார்த்தார். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிவிடும். பைக்காரா நீர்மின் நிலையத்தில் 1932 முதல் தண்ணீர் இறங்கிச் செய்யும் வேலையை அன்று கார் இறங்கிச் செய்தது. ஆனால் 100 சதவீதம் நிரப்பிக்கொண்டு மலை இறங்காதீர்கள். நிரம்பிய பேட்டரிக்குள் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை. சுமை முழுவதையும் பிரேக் தாங்க வேண்டிவரும். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லும் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அங்கே ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை. எம் 62 சாலையில், இங்கிலாந்தின் மிக உயரமான அதிவேக நெடுஞ்சாலை இதுதான் என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். உயரம் 372 மீட்டர், குன்னூர் மலைப்பாதையில் உள்ள நம் பர்லியாறு அளவுகூட இல்லை. அங்கே யூனிட்டைத் தின்பது காற்றும் குளிரும். மலைப்பாதையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்குக் காற்று தடையே அல்ல. மணிக்கு எழுபது மைலில் அதைக் கிழித்துக்கொண்டு போவதற்கே பேட்டரியின் பெரும்பகுதி போய்விடும். ஜனவரியில் ஹீட்டரும் சேர்ந்தால் விளம்பரத்து மைலில் நாலில் ஒரு பங்கைக் கழித்துவிட்டே நான் திட்டமிடுவேன். சார்ஜும் மெதுவாகத்தான் ஏறும். தலைகுந்தாவில் உறைபனி விழுந்த காலையில் ஸ்கூட்டர் எப்படி முரண்டு பிடிக்கும்? சில்லிட்ட பேட்டரியும் அப்படித்தான். சார்ஜருக்குப் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக. இந்திய உரிமத்தில் 12 மாதம் ஓட்டலாம். பிறகு அங்கே எழுத்துத் தேர்விலும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்விலும் தேற வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் ஓட்டிக் காட்டினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்ட உரிமம் தருவார்கள். மின்சார கார் எல்லாமே அந்த வகைதான். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் கிளட்ச் மிதித்துப் பழகிய காலை வீணாக்காதீர்கள், கியர் காரிலேயே ஓட்டிக் காட்டுங்கள்.

காப்பீட்டை மறக்காதீர்கள். அந்த நாட்டு ஓட்டுநர் வரலாறு இல்லாததால் முதல் ஆண்டு தீட்டிவிடுவார்கள். மின்சார காருக்கு இன்னும் கூடும். விலை பேசுவதற்கு முன்பே காப்பீட்டுத் தொகையைக் கேட்டுவிடுங்கள். சாலை வரி இல்லை என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2025 ஏப்ரல் முதல் மின்சார காருக்கும் உண்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து ஏறக்குறைய 200 பவுண்டு. 2028 ஏப்ரல் முதல் மைலுக்கு 3 பென்ஸ் தனி வரி என்று 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 8,000 மைல் என்றால் 240 பவுண்டு. இரவுக் கட்டணத்தில் அதே 8,000 மைலுக்கு ஆகும் கரண்ட் செலவே 180 பவுண்டு சொச்சம்தான்!

பழைய கார் வாங்குகிறவர்கள் பேட்டரியின் நலன் குறித்த அறிக்கை கேளுங்கள். பெரும்பாலும் எட்டு ஆண்டு அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் பேட்டரிக்கு உண்டு. அதில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். மற்றபடி என்ஜின் ஆயில், கிளட்ச் எதுவும் இல்லை. பராமரிப்பில் நான் செலவழித்தது டயருக்கும் வைப்பருக்கும்தான்.

பிராட்ஃபோர்டில் இருக்கும் குன்னூர்த் தங்கைக்கு: இந்த வீட்டில் இருந்துகொண்டு மின்சார கார் வாங்கலாமா என்று கேட்டு நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். நம் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மாடி வைத்து வரிசையாக நிறுத்தியது போன்ற அந்த வீட்டில், கதவைத் திறந்தால் நடைபாதை, அதற்கு அப்பால் தெரு. சன்னல் வழியாக வயரைத் தொங்கவிட்டு நடைபாதையைக் கடக்க நினைக்காதீர்கள். யாராவது தடுக்கி விழுந்தால் பொறுப்பு உங்களுடையது. நடைபாதையில் பள்ளம் வெட்டி வயரைப் பதிக்கச் சில நகராட்சிகள் அனுமதிக்கின்றன. ஆனால் வாசலுக்கு நேரே நிறுத்த உங்களுக்கு இடம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, போதாததற்கு வீட்டுக்காரரும் சம்மதிக்க வேண்டும். தெருவிளக்குக் கம்பத்துச் சார்ஜர் பக்கத்தில் இருக்கிறதா, ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்குச் சார்ஜர் உண்டா, யூனிட் என்ன விலை என்று விசாரியுங்கள். 40 பென்ஸுக்குக் கீழே என்றால் கணக்கு ஒத்துவரும். இரண்டும் இல்லையென்றால் இப்போதைக்கு ஒரு பழைய சிறிய பெட்ரோல் கார் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்தம் முடிந்து வேறு வீடு பார்க்கும்போது, சுவரோரம் கார் நிற்க இடமுள்ள வீடாகப் பாருங்கள். வாடகைதாரர் சார்ஜர் பொருத்துவதற்கு அரசு மானியம் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்ப நான் உதவுகிறேன். உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய வர்க்கியும் பத்திரமாக இருக்கிறது, வரும்போது எடுத்து வருகிறேன்.